மிளகும் குன்றிமணியும்

வெகுதானிய வருஷம், ஆடி 14. குற்றாலம்.

துப்பாக்கிமேல் மாட்டியிருக்கும் தொலைநோக்கியில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எனக்குத்தான்.

நாலு நாளாக மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிறேன். அந்தியில் குழாய்க்குள் பார்த்தால் எல்லாம் ஒரே இருட்டு. கண்ணாடியில் புகை பிடித்திருக்கிறது என்று, விற்ற கடைக்காரனைத் திட்டி இன்று காலைதான் மதராசுக்குக் காகிதம் போட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரி செல்லம்மை, "உள்ள போற வெளிச்சம் எங்கன வருதுன்னு பாப்போம்" என்று குழாயை வானத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னாள். கண் வைக்கும் பக்கத்தில் என் வேட்டியை விரித்தாள். மிளகளவு வெளிச்சம் விழுந்தது. உருவத்தைப் பெரிதாக்கும் வளையத்தைத் திருகிச் சிறிதாக்கினேன். வெளிச்சம் குன்றிமணியளவு ஆனது.

"பெருசாத் தெரியணும்னு கடைசி வரைக்கும் திருகி வச்சிருக்கிய. இருட்டுல கண்ணுப் பாப்பா விரியுதுல்லா, அதுக்கு மிளகளவு வெளிச்சம் எப்படிப் பத்தும்?"

அந்தியில் பன்றி சிறிதாகத்தான் தெரிந்தது. ஆனால் பிடரி மயிர்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒரே வெடி.

இப்போது கடைக்காரனுக்கு மன்னிப்புக் காகிதம் எழுதுகிறேன். செல்லம்மை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"பெருசா எழுதாண்டாம். தெளிவா எழுதுங்க."