மாடிக்காரியின் மண்பாதை

மார்ச் 4, செவ்வாய்

சைக்கிள் போய்விட்டது. நான் வேலை பார்க்கும் பல் லேப்பிலிருந்து திரும்பும்போது ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் சீட்டுக்குக் கீழே சட்டத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். பன்னிரண்டு வருஷ வண்டி. தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

வாசலில் மண்பாதைக்கென்றே மாடிக்காரி வாங்கிய புது கிராவல் சைக்கிள் சாய்ந்து நின்றது. டயரில் சேறுகூட இன்னும் காயவில்லை. அதன் பக்கத்தில் என்னுடையதை நிறுத்த மனசு வரவில்லை. பின்பக்கம் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியோரம் சாத்தினேன்.

மாடிக்காரி என்று நான் இங்கே மட்டும்தான் எழுதுகிறேன். என் ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு மாடிக்கு வந்து ஒன்றரை வருஷம். மாட்டு டாக்டர். அவள் வரும்வரை இந்த வீட்டில் சைக்கிள் என்றால் நான்தான். "மூத்தவ சைக்கிள்லதான் வேலைக்குப் போறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமியார் சொல்வார். பெருமையா குறையா தெரியாது, எப்படியோ பேச்சு என்னைப் பற்றியது. இப்போது, "சின்னவ காட்டுப் பாதையிலகூட ஓட்டுறா."

மார்ச் 6, வியாழன்

மதியம் சைக்கிள் கடைக்குப் போனேன். பழைய வண்டியை ஒட்ட வைக்க முடியாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். பிறகு கேட்டார்: "தினம் எந்தப் பக்கம் போறீங்க?"

சொன்னேன். வீட்டிலிருந்து லேப் வரை தார். நடுவில் பாலத்தடிப் பள்ளம். குழாய் போடத் தோண்டிய இடத்தில் கொஞ்சம் ஜல்லி, கொஞ்சம் மண்.

"அப்ப உங்களுக்கு ஆல்ரோடு. யோசிக்கவே வேணாம்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன. இரண்டுக்கும் அதே வளைந்த ஹேண்டில்பார். டயர்தான் வேறு, நிற்கிற நிலை வேறு. ஆல்ரோடு தாருக்காகப் பிறந்தது, மண் வந்தால் பொறுத்துக்கொள்ளும். கிராவல் மண்ணுக்காகப் பிறந்தது, தார் வந்தால் பொறுத்துக்கொள்ளும். அவர் இதைச் சொன்னபோது மனசில் என்ன ஓடியது என்று எழுதலாமா? இந்த வீட்டில் நான் எது, அவள் எது என்று ஓடியது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பள்ளிக்கூட நாளில் மூன்று முறை எழுப்ப வேண்டும் என் மகளை. நான்காவது முறை போர்வையை உருவ வேண்டும். இன்று விடியுமுன் தானே எழுந்து, பல் தேய்த்து, ஷூ கட்டி வாசலில் நிற்கிறாள். சித்தியோடு கால்வாய்க்கரைக்குப் போக. கொழுந்தனின் பழைய சைக்கிளை மாடிக்காரி அவளுக்காகச் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது.

முழங்கால்வரை சேறோடு திரும்பினார்கள். சாப்பாட்டு மேஜையில் ஒரே கதை. கரையில் நீர்நாய் பார்த்தார்களாம், அது மீனை முன்காலில் பிடித்துத் தின்றதாம். "சித்தி சொன்னாங்க, அதுக்கு மோப்பம் ஜாஸ்தியாம். சித்தி சொன்னாங்க, சத்தம் போடாம நின்னா கிட்ட வருமாம்." சித்தி சொன்னாங்க, சித்தி சொன்னாங்க.

இவர் வாயைப் பிளந்து கேட்கிறார். பெற்று, பதினான்கு வருஷமாக வளர்த்த நான் சொன்னது எதையாவது இவள் எங்காவது "அம்மா சொன்னாங்க" என்று சொல்லியிருப்பாளா?

மார்ச் 10, திங்கள்

பஸ். நின்றுகொண்டே.

மார்ச் 13, வியாழன்

லேப்பில் இன்று மானம் போனது. ஒரு பெண்ணின் முன்பல்லுக்குப் பீங்கான் மேலுறை. நிற அட்டையை வைத்துப் பார்த்துத்தான் செய்தேன். ஆனால் ஒரு படி மஞ்சள் கூடிவிட்டது. டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். "உங்க கையிலருந்து இப்படி வந்ததே இல்லையே" என்று மட்டும் சொன்னாராம்.

பிரஷ்ஷால் ஒவ்வொரு அடுக்காகப் பூசிக்கொண்டிருந்தபோது நினைப்பு எங்கே இருந்தது? கால்வாய்க்கரையில்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களின் அச்சுகள் எங்களுக்கு நிறைய வரும். மேல்பகுதி தேய்ந்து மொட்டையாக இருக்கும். இன்று என் தாடையும் வலிக்கிறது.

மார்ச் 15, சனி

வாங்கிவிட்டேன். கிராவல்.

கடைக்காரர் விடவில்லை. "போன வாரம் தார்னு சொன்னீங்களே மேடம்."

"இல்ல, இனிமே மண்ணுலதான் ஜாஸ்தி ஓட்டப்போறேன்."

"லேப்புக்கா?"

"ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போவோம்."

குடும்பத்தோடு. எவ்வளவு சரளமாக வருகிறது பொய்.

"தார்ல இழுக்கும் மேடம், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்றார். மாடிக்காரியின் டயரைவிட ஒரு சுற்றுப் பருத்த டயராகக் கேட்டு வாங்கினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

இவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பல்லு கட்டப் போறதுக்கு எதுக்கு டிராக்டர் சக்கரம்?" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

என்னையும் கூப்பிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மாடிக்காரியின் முகம் ஒரு விநாடி யோசித்தது. பிறகு, "வாங்கக்கா, ஜாலியா இருக்கும்."

இருந்தது. அவர்களுக்கு.

மண்ணில் வண்டி பின்பக்கம் வழுக்கும்போதெல்லாம் நான் பிரேக்கைப் பிடித்துவிடுகிறேன். பிடிக்கக்கூடாதாம், விட்டுவிட வேண்டுமாம். பன்னிரண்டு வருஷம் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ஓட்டியவளுக்கு விடுவது என்றால் என்ன என்று தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் எனக்காகக் காத்து நின்றார்கள். தூரத்திலிருந்தே சிரிப்பு கேட்கும். நான் போய்ச் சேர்ந்ததும் நின்றுவிடும்.

"மெதுவா வாம்மா, அவசரமில்ல" என்றாள் மகள். நாலு வயசில் அவள் ஷூ லேஸோடு மல்லாடும்போது நான் சொல்வேனே, அதே குரல்.

மார்ச் 20, வியாழன்

கடைக்காரர் சொன்னது சரி. தாரில் இந்த வண்டி உறுமிக்கொண்டே வருகிறது, நகர மாட்டேன் என்கிறது. இன்று ஒரு பெரியவர், பின்னால் மூட்டை வேறு கட்டியிருந்தார், மணி அடித்துவிட்டு என்னை முந்திப்போனார். லேப்புக்கு வந்து சேரும்போது தொடை கல்லாகிவிடுகிறது.

யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் ஏன் வாங்கினாய் என்பார்கள்.

மார்ச் 22, சனி

நாளை அணை வரை போகிறார்கள். போகிறோம். நீளமான பாதை, பாதிக்கு மேல் கல்.

சாயங்காலம் வாசல் பெருக்கும்போது பார்த்தேன். மாடிக்காரியின் பின்டயரில், தரையில் படாத பக்கவாட்டில், ஒரு வெட்டு. கண்ணாடியோ கூர்க்கல்லோ கிழித்திருக்கிறது. விரல் நகம் நுழைகிறது. நுழைத்துப் பார்த்தேன்.

அவள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

கூப்பிடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நினைத்தபடியே நடந்தது. நினைத்தபடி இல்லை.

அணையிலிருந்து திரும்பும்போது, கல்பாதையின் நடுவில், மாடிக்காரியின் டயர் புஸ்ஸென்று போனது. பக்கவாட்டுக் கிழிசல், ஒட்டுப் போட்டாலும் நிற்கவில்லை. நல்லவேளை, விழவில்லை. விழுந்திருந்தால்? நேற்று அதை நான் யோசித்தேனா? யோசிக்கவே இல்லை. அவள் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், நானும் மகளும் முன்னால் ஓட்டிப்போக வேண்டும் — இவ்வளவுதான் என் கற்பனை.

"நீங்க ஓட்டிட்டுப் போங்கக்கா. தார் ரோட்டுக்கு மாமாவ வேனோட அனுப்புங்க. நான் தள்ளிட்டு வந்துர்றேன்."

நான் மகளைப் பார்த்தேன். "நீ வா."

"நான் சித்தியோட நடக்கிறேன்மா. பாவம், தனியா எப்படி வருவாங்க?"

திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், தோளோடு தோள். அவர்கள் பேச அரை நாளை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

நல்ல பாதை, நல்ல வெயில். பக்கத்தில் ஆள் இல்லை. மதியத்துக்கு மேல் இவர் அவர்களை வேனில் கூட்டிவந்தார். காலில் கொப்புளம், வாயில் சிரிப்பு. டயர் போனதற்கு ஒரு பாட்டு வேறு கட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

தாங்கவில்லை. மாடிக்குப் போனேன். அவள் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள், ஏதோ பண்ணையில் கன்று பிரசவம் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஒன்னு சொல்லணும். உன் டயர்ல இருந்த வெட்ட நான் சனிக்கிழமையே பாத்தேன். சொல்லல."

"நானும்தான் பாத்தேன்" என்றாள். "ஒரு நாள் தாங்கும்னு நெனச்சேன்."

அவ்வளவுதானா? இரண்டு நாள் சோறு இறங்காமல் சுமந்த பாவம் ஒன்றுமே இல்லையா? சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பூட்ஸைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆனா நான் பாத்தது உங்களுக்குத் தெரியாதுல்லக்கா."

"தெரியாது."

"உங்க பொண்ணும்தான் கூட வந்தா."

அவள் உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 27, வியாழன்

மாடிப்படியில் இறங்கும் காலடி முன்பெல்லாம் எங்கள் கதவருகே நிற்கும். "அக்கா, ஏதாவது வாங்கணுமா?" இப்போது நிற்காமல் போகிறது.

அந்த மூன்று வார்த்தை எனக்கு இவ்வளவு பழகியிருந்ததா?

மார்ச் 30, ஞாயிறு

மகள் ஷூ போட்டுக்கொண்டு மாடிக்குப் போய், உடனே இறங்கி வந்தாள். "சித்தி வரலையாம். தலைவலியாம். உன்கிட்ட கேக்கச் சொன்னாங்க. என்னம்மா பண்ண?"

சொல்லிவிட்டேன். முழுசாக. துடைப்பம் கையில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டே.

அவள் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தாள். பிறகு, "பொறாமையா?"

"ஆமா."

"சித்தி சைக்கிள் மேலயா?"

"இல்ல. நீ அவகூடப் போறதுல."

"நீ என்னைக்காவது என்னைக் கூப்பிட்டிருக்கியாம்மா?"

கூப்பிட்டதில்லை. ஆறு வயசில் ஒருமுறை தானே கேட்டாள், நானும் வர்றேன் என்று. "அம்மாவுக்கு லேட்டாச்சு" என்றேன். லேட்டாகவில்லை. காலையில் அந்த ஒரு மணி நேரம் சமையல் இல்லை, மாமியார் இல்லை, பல் இல்லை, யாரும் இல்லை. அது எனக்கு வேண்டியிருந்தது. அதைச் சுற்றி ஒரு சுவர் கட்டினேன். அதை மாடிக்காரி கட்டியது மாதிரி மூன்று வாரமாக அழுதுகொண்டிருக்கிறேன்.

"அவங்க கூப்பிட்டாங்க. நான் போனேன்" என்றாள். கோபமாகக்கூட இல்லை. அதுதான்—

ஏப்ரல் 5, சனி

மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே, "இழுக்குதா?" என்றார்.

"இழுக்குது. நீங்க சொன்னதக் கேக்கல."

"பரவால்ல மேடம். பாதிப்பேர் ஓட்டப்போற ரோட்டுக்கு வாங்க மாட்டாங்க. ஓட்ட ஆசப்படுற ரோட்டுக்குத்தான் வாங்குவாங்க."

கிராவல் மகளுக்கு. அவளும் என் உயரம் வந்துவிட்டாள். சீட்டைக் கொஞ்சம் இறக்கி, ஹேண்டில்பாரைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்ததும் சரியாகிவிட்டது. எனக்கு ஆல்ரோடு, முதல் நாள் காட்டிய அதே வண்டி. மெல்லிய டயர், மேலே கோடு மட்டும். ஒரு மிதி மிதித்ததும் சொன்ன பேச்சைக் கேட்டது.

திரும்பும் வழியில் கேட்டேன். பெண் பார்க்கப் போனவன் மாதிரி நாக்கு ஒட்டிக்கொண்டது. "திங்கக்கிழமைலருந்து ஸ்கூலுக்கு எங்கூட வர்றியா? லேப்புக்குப் போற வழிதான்."

"உனக்குத் தனியாப் போகணுமே."

"பரவால்ல."

"பரவால்லன்னா வரல. வேணும்னா வர்றேன்."

"வேணும்."

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டு நாளாக வருகிறாள். வாய் ஓயவில்லை. கணக்கு டீச்சர், தோழியின் தோழி, ஏதோ ஒரு பாட்டு. பாலத்தடிப் பள்ளத்தை எனக்கு முன்னால் குதித்துத் தாண்டுகிறாள். என் ஒரு மணி நேரம் போயே போச்சு. நேற்று லேப்பில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதற்காக வருத்தப்பட்டேன். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

அவள் பள்ளிக்கூட வாசலில் பிரிந்தபின் மிச்சப் பாதை கொஞ்சம் நீளமாக இருந்தது என்பதும் உண்மை.

ஏப்ரல் 12, சனி

சமையலறை வாசலில் நிழல். மாடிக்காரி. உள்ளே வரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு நானும் அவளும் அணைக்குப் போறோம். வர்றீங்களா?"

"என் வண்டி அந்தக் கல்லுக்குத் தாங்காது."

"நீங்க தார்ல சுத்தி வாங்க. அணை முக்குல சேர்ந்துக்கலாம். திரும்பறப்ப எல்லாரும் தார்லயே வந்துடலாம்."

சரி என்றேன். போனவள் திரும்பினாள். "கிளம்பறதுக்கு முன்னாடி என் டயர ஒருதரம் பாத்துடுங்க." முகத்தில் சிரிப்பு இருந்ததா, முள் இருந்ததா? இரண்டும் இருந்தது.

கையோடு போய்ப் பார்த்தேன். இரண்டு டயரையும், சுற்றிச் சுற்றி, விரலால் தடவி. அவள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அணை முக்கில் நான்தான் முதலில். அவர்கள் சேறோடு வந்தார்கள். அங்கே என்ன பார்த்தார்கள் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் இல்லாத பாதையின் கதை. அது கொஞ்சம் குத்தியது, குத்தாமல் இல்லை.

திரும்பும்போது எதிர்க்காற்று. திறந்த வெளி, மரமே இல்லாத தார்ச்சாலை. மகள் முன்னால் போய்ப் பார்த்தாள், முடியவில்லை. மாடிக்காரி போனாள். பருத்த டயர்கள் தாரில் உறுமின, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. நான் முன்னால் போனேன். குனிந்துகொண்டேன். பஸ் புகையிலும் மழையிலும் இதைத்தானே இத்தனை வருஷம் செய்தேன்.

"ஒட்டிக்கிட்டு வாங்க" என்றேன். "காத்து உங்க மேல படாது."

பின்னால் ஒரு சக்கரம் நெருங்கி வந்த சத்தம்.

"யாரு?"

"நான்தாம்மா."

"சித்தி?"

"அவங்க எனக்குப் பின்னாடி. கொஞ்சம் விட்டுப்போச்சு."

இன்னும் ஒரு மிதி அழுத்தினால் நானும் என் மகளும் மட்டும் போயிருப்போம். தோன்றியது. மிதியில் கால் ஒரு சுற்று அப்படியே அழுத்தவும் செய்தது.

பிறகு விட்டேன். வண்டி தளர்ந்தது, காற்று முகத்தில் அடித்தது. மூன்றாவது சக்கரத்தின் உறுமல் மெல்ல மெல்லக் கிட்டே வந்து ஒட்டிக்கொண்டது.

"வந்துட்டேன்கா" என்றாள். "போலாம்."