மூன்றாவது தட்டு

2025 செப்டம்பர் 14, ஞாயிறு. கடலூர்.

என் ஐந்து பாகக் கதைப் புத்தகம் ஃபோன் ஆப் ஒன்றில் தொடராகி இது இரண்டாவது வாரம். நான் எழுதிய நடக்கும் அலையாத்தி மரங்கள் கம்ப்யூட்டர் புண்ணியத்தில் நன்றாகவே நடக்கின்றன. கூடவே பேசும் கிளி ஒன்று. கிளி! என் கதையில் ஒரு காக்கைகூடக் கிடையாது.

அம்மாவுக்குக் கிளியைத்தான் பிடித்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

படகோட்டி நீலன் வந்ததும் அம்மா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனாள். "நம்ம பிரபு மாதிரியே துடுப்பு போடுறான்டி."

அவனைப் பார்த்துத்தான் எழுதினேன். என் தம்பி ஆரோக்கிய பிரபு. பிச்சாவரத்தில் சவாரிப் படகு ஓட்டியவன். சுனாமி அன்று பத்தொன்பது வயது. உடல் கிடைக்கவில்லை. இன்றும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா மூன்று தட்டு வைக்கிறாள்.

செப்டம்பர் 22, திங்கள். சிதம்பரம், பள்ளி ஆசிரியர் அறை.

டைரக்டர் இளவரசு ஃபோன். "ஆறாவது எபிசோடுல நீலன் உடம்பு கரைக்கு வருது மேடம். அழுகை இல்லாம எப்படி?"

புத்தகத்தில் ஒரே வரிதான்: காடு வழி விட்டது, அவன் உள்ளே போனான். உடம்பைக் காட்டக் கூடாது என்று முதல் நாளே சொன்னேனே. "உங்களக் கேக்காம மாத்துவோமா" என்றாரே! வாய்ச் சொல்லை நம்பி, பத்துப் பக்க இங்கிலீஷ் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட முட்டாள் நான்.

அக்டோபர் 12, ஞாயிறு.

ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். அவள் பக்கத்து வீட்டுப் பொன்னி அக்காவிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். ஓடினேன். அதற்குள் வந்துவிட்டது — வயலின், மழை, தாய் மடியில் அவன், தண்ணீரில் ஊறிய கால்கள். ஏழு நிமிஷம்.

அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"புக்குல இத ஏன் எழுதல நீ?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீ எழுதலன்னுதான் எங்கியோ இருக்கான்னு இருந்தேன்."

அவன் செத்தான் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். அதைப் போய் எல்லோரும் நயம் என்றார்கள். நானும் நம்பினேன். இத்தனை வருஷம் அவளைக் காக்க வைத்ததில் நானும் சேர்த்தியா?

அக்டோபர் 13, திங்கள்.

பள்ளிக்கு லீவ் போட்டேன். மத்தியானம் இரண்டு தட்டு.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்.

பூசையில் வாசிக்க இறந்தவர்கள் பெயரை எழுதித் தரச் சொல்லி வருஷா வருஷம் மாதா கோயிலில் சீட்டு கொடுப்பார்கள். அப்பா பெயரை மட்டும்தான் அம்மா எழுதுவாள். இந்த வருஷம் இரண்டு பெயர்.

சாமியார் "ஆரோக்கிய பிரபு" என்று வாசித்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். அவனுக்குக் குழி இல்லை. அப்பா கல்லறையிலேயே இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினாள். தொடர்க்காரர்களை மனசார மன்னித்துவிட்டேன், கிளி உட்பட.

நவம்பர் 18, செவ்வாய்.

மறுபடி இளவரசு, ஒரே உற்சாகம். "நீலன் செத்ததுக்கு ரசிகர்கள் கொந்தளிச்சுட்டாங்க மேடம். அடுத்த சீசன்ல திருப்பிக் கொண்டு வர்றோம். கரைக்கு வந்தது வேற ஆளுன்னு சொல்லிடலாம்."

வேண்டாம் என்று கெஞ்சினேன். தம்பி, அம்மா, பூசை எல்லாவற்றையும் சொன்னேன். "டிரெய்லர் ரெடி மேடம், ஞாயித்துக்கிழமை வருது."

ஆப்பை ஃபோனிலிருந்து எடுத்துவிட்டேன். பொன்னி அக்காவிடமும் அம்மா காதில் போட வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்.

மனசு கேட்காமல், சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று அம்மாவுக்கு ஃபோனில் சொல்லிவிட்டு, அரை நாள் லீவ் போட்டு வந்தேன். பொன்னி அக்கா வாசலிலேயே நின்றாள். "நான் ஒண்ணும் சொல்லல பெலிசியா. டிவி விளம்பரத்துல அவுங்களே பாத்துட்டாங்க."

மேசையில் மூன்று தட்டு.

"கரைக்கு வந்தது வேற ஆளாம்டி" என்றாள் அம்மா. மூன்றாவது தட்டில்தான் முதலில் குழம்பு ஊற்றினாள்.