மூன்று பக்க மன்னிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? டுலூத் நகரத்துப் பனியில் என் காது மட்டும்தான் உறைகிறது, மற்றபடி சுகம்.

மனநல ஆலோசகர் உரிமத்தைப் புதுப்பிக்க, திருநர்களை மனம் நோகாமல் நடத்துவது பற்றிய வகுப்புக்குப் போனேன். வகுப்பெடுத்த ரோவன் ஒரு திருநம்பி. ஆலோசனைக்கு வந்தவராக அவரே என் முன் நடித்தார். நடிப்புக்காகத் தந்த தாளில் இருந்த, அவர் விட்டுவிட்ட பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். பதறி மன்னிப்புக் கேட்டு, விளக்கம் சொல்லி, அழுதும்விட்டேன்.

ரோவன் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். "ஏம்மா, இப்ப யாரு யாருக்கு ஆறுதல் சொல்றது? ஒரு சாரி சொல்லுங்க, சரியான பேரைச் சொல்லுங்க, மேல பேசுங்க. உங்க அழுகையையும் நானே சுமக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அறைக்கு வந்ததும், நாம் பெண்ணென்று வளர்த்த, இப்போது உங்களோடு இருக்கும் என் மகன் எமீலின் ஞாபகம் வந்தது. பிறந்தநாள் அட்டையில் அவனுடைய பழைய பெயரை எழுதிவிட்டு, பிறகு மூன்று பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டேனே, அதற்கு அவன் ஏன் பதில் போடவில்லை என்று இப்போது புரிகிறது.

கம்பளிக் காலுறையும் உங்கள் அத்திப்பழ ஜாமும் அனுப்புங்கள். தனியாக வெறும் ரொட்டி தின்று அலுத்துவிட்டது. தபால் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். பார்சலில் அனுப்புநர் இடத்தில் மட்டும் எமீல் தன் பெயரைத் தன் கையால் எழுதட்டும். அதைப் பார்த்தால் போதும், பதில் வேண்டாம்.

உங்கள் செலஸ்ட்