குரைக்கும் இருமல்

அன்புள்ள அத்தான்,

ஜப்பான்காரன் உங்களைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோன பிறகு ஒரு வரிகூட வரவில்லை. அதை விடுங்கள். உங்கள் அக்காவோடு நான் படும் பாட்டைக் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை விடியுமுன் நம் பிள்ளை ஸ்டானிஸ்லாஸ், நாய் குரைப்பதுபோல் இருமினான். மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம், தொண்டைக்குழி உள்ளே போனது. உங்கள் அக்கா ஜன்னலையெல்லாம் சாத்தி, பிள்ளையைப் படுக்கவைத்து, வாயில் கசாயத்தை ஊற்றினார். அவன் அழ அழ மூச்சு இன்னும் முட்டியது.

"விடுங்க அண்ணி! அழுதா மூச்சே நின்னுரும்!" என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"பனியில வச்சு பிள்ளைய கொல்லப் போறியா?" என்று கத்தினார்.

தோளில் நிமிர்த்திப் பிடித்து, காதோரம் மெல்லப் பாடினேன். குளிர்ந்த காற்றில் அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அப்போதுதான் நான் அழுதேன்.

விடிந்ததும் பெக்கான் நானாஸ் ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். வைத்தியம் பார்க்கும் டிரெஸர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "குரல்வளை வீங்கியிருக்கு. அழவிடாம வச்சிருந்தது நல்லது. மறுபடி இழுத்தா, உதடு நீலமாகுற வரைக்கும் காத்திருக்காம உடனே கொண்டாங்க" என்றார். உங்கள் அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. ஒருவகையில் நிம்மதிதான்.

இன்று அவனுக்குக் குரல் திரும்பிவிட்டது. திரும்பியதும் முதல் கேள்வி, "அப்பா எப்ப வருவாங்க?"

நான் என்ன சொல்ல? நீங்களே எழுதுங்கள்.

உங்கள் மனைவி