பஞ்சு பட்டதா?

தோலுக்குத் தெரிந்து ஆளுக்குத் தெரியாமல் போனால், அதைத் தொட்டது என்று சொல்லலாமா? கல்லூரியில் விலங்கியல் நடத்தும் எனக்கு விடை தெரியவில்லை.

இன்று உங்கள் தலையணையைப் பிரித்தேன். இலவம்பஞ்சின் ஓர் இழை என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. தோலில்கூட அது படவில்லை. ஒரு மயிரை மட்டும் சாய்த்தது. அந்த மயிரின் வேரைச் சுற்றியிருக்கும் நரம்பு உடனே செய்தி அனுப்பியது. இழை அசையாமல் கிடந்ததும் நரம்பு அடங்கிவிட்டது. பஞ்சு அங்கேயேதான் இருந்தது.

அவசரநிலை வந்த வருஷம், பக்கவாதம் உங்கள் இடக்கையை எடுத்துக்கொண்டது. உணர்ச்சி திரும்பினால் அசைவும் திரும்பலாம் என்றார் டாக்டர். அந்த 'லாம்' ஒன்றை நம்பி, தினமும் சொசைட்டிக்குப் பால் போனதும் பஞ்சோடு உங்கள் கட்டிலில் உட்காருவேன். நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். நான் பஞ்சால் இடக்கையைத் தொட்டுக் கேட்பேன்.

"பட்டுதுங்களா?"

"பட்டுதுங் டீச்சர்."

கட்டிய மனைவியை டீச்சர் என்று கூப்பிட்டுக் கேலி செய்தவர் மீனாட்சிபுரத்தில் நீங்கள் ஒருவர்தான். விரல், மணிக்கட்டு, முழங்கை என்று அந்தப் 'பட்டுது' மேலே ஏறிக்கொண்டே வந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் பஞ்சை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே கேட்டேன்.

"பட்டுதுங்களா?"

"பட்டுதுங். முழங்கைகிட்ட."

கண்ணைத் திறந்து என் மடியைப் பார்த்தீர்கள்.

"ஏனுங் டீச்சர், நான் பெயிலுங்களா?"

"எதுக்கு இப்படிப் பொய் சொல்றீங்க?"

"இல்லீன்னு சொன்னா நாளைக்கு நீங்க வந்து உக்கார மாட்டீங்கல்ல."

உங்கள் கையில் கோளாறு இல்லை. தோலும் அதன் நரம்புகளும் கடைசிவரை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதைக் கேட்க வேண்டிய இடம் மூளையில் அழிந்திருந்தது. இனித் திரும்பாது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கு அது முன்பே தெரியும் என்பதும் புரிந்தது.

தொட்டேன் என்பதை நான் சொல்லிவிடலாம். பட்டது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் இல்லாத வீட்டில் என்னிடம் மிஞ்சியிருப்பது முதல் சொல் மட்டும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தப் பொய் பிடிபட்டதற்கு மறுநாள் நடந்தது இது. பஞ்சை எடுக்காமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். நீங்கள் வலக்கையால் இடக்கையைத் தூக்கி என் பக்கம் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் தொடவில்லை, கேட்கவும் இல்லை. நீங்களாகவே சொன்னீர்கள்.

"பட்டுதுங்."