பூ வேனின் அடித்தகட்டில் நீர் என்னிடம் மறைத்த வட்டங்கள்

இன்று காலை பட்டறைக்குள் மல்லிகை வாசனை வந்தது. நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது வே, பூ மார்க்கெட் வேன் வந்து நிற்கிறது. நீர் கடைசியாக வெல்டிங் வைத்த அதே வேன். சங்கரன்கோவிலுக்குள் நுழையும்போது ஒரு லோடு ஆட்டோ இடித்து, கதவுக்குக் கீழே நீர் போட்ட தகடு நசுங்கிவிட்டது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். வண்டிக்காரருக்கு வருத்தம். எனக்கோ, கோபித்துக்கொள்ளாதீர், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரே குறுகுறுப்பு.

ஈரச்சாக்கில் பூ ஏற்றுகிற வண்டி. தண்ணீர் சொட்டிச் சொட்டி அடிப்பக்கம் துருப்பிடித்துவிடும். இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில், வெல்டிங்குக்கு முன்பே துருவைத் தடுக்கும் ஜிங்க் பிரைமர் பூச்சு அடித்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றீர். "பெறவு அங்கன பிரஷ் போவுமா வே? எறும்புகூட நுழையாது."

அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேல்தகட்டில் துளை போட்டு, அதன் வழியாகத்தானே வெல்டிங்கை நிரப்புவீர்? துளைக்குள் பிரைமர் கிடந்தால் வெல்டிங் கொதித்துக் குமிழ்விடும். பிறகு ஊசித்துளை ஊசித்துளையாகத் தெரியும். பட்டி வைத்து அதை அடைப்பது பெயின்டரான என் தலையெழுத்து. "துளைக்குள்ள மட்டுமாவது சுரண்டிட்டு வையும்" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "பெயின்ட் அடிக்கவரு வெல்டிங் சொல்லித்தாராரு, கேட்டுக்கிடுங்க" என்று முகமூடியை இறக்கிக்கொள்வீர்.

இந்த வேனில் மட்டும் ஊசித்துளை ஒன்றுகூட வரவில்லை. "பாத்தீரா, சுரண்டாமத்தான் வச்சேன். ஒண்ணும் ஆவல" என்றீர். அந்த வாரமே நெஞ்சுவலி என்று உம்மைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். நீர் திரும்பவில்லை. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் என் பேச்சை ஒருநாளாவது காதில் வாங்கினீரா என்ற கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அது என்னை ரொம்பவே உறுத்தியது.

இன்று தகட்டை வெட்டி, உளி வைத்துப் பிரித்தேன். உள்ளே சாம்பல் நிறப் பிரைமர் அடித்தது அடித்தபடி இருக்கிறது. இத்தனை ஈரத்துக்கும் துரு ஏறவில்லை. அதில் நீர் சொன்னதுதான் சரி. பிறகு வெல்டிங் வைத்த இடங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் சுற்றி, பிரைமர் இல்லாத ஒரு சின்ன வட்டம். சூட்டில் எரிந்திருந்தால் கருகி, கோணல்மாணலாக இருந்திருக்கும். இது பளிச்சென்ற வட்டம். ட்ரில் பிட்டால் சுரண்டிய கீறல்கூட அப்படியே தெரிகிறது.

சுரண்டிவிட்டுத்தான் வைத்திருக்கிறீர். சுரண்டிவிட்டு, சுரண்டவில்லை என்று என்னிடமே பொய்யும் சொல்லியிருக்கிறீர்.

"ஏன் அண்ணாச்சி சிரிக்கீய?" என்றார் வண்டிக்காரர்.

"ஒருத்தர்ட்ட இப்பந்தான் செயிச்சேன்" என்றேன்.

புதுத் தகட்டுக்குப் பிரைமர் அடித்துவிட்டேன். புதிதாக வந்திருக்கும் வெல்டர் நல்ல மனிதர்தான், நான் எதைச் சொன்னாலும் உடனே சரி என்கிறார். மல்லுக்கு நிற்க ஆளில்லாமல் துளைகளை நானே சுரண்ட உட்கார்ந்தேன். ஒவ்வொரு துளையிலும் உம்முடைய குரல் வரும் என்று காத்திருந்தேன் வே.