கையசைத்தேன், எல்லாரும் கையசைத்தார்கள்

கரியாக்குத் தீவு, செவ்வாய்

அன்புள்ள இஸ்மே,

உன் முட்டிவலி தணிந்ததா? நான் சுகம். பாய்மரப் படகில் வருகிறவர்களுக்கு மீன் காட்டும் வேலை என்னைப் போன்ற பழைய வாத்தியாருக்குப் பொருத்தம்தான். வகுப்பு தண்ணீருக்குள், அவ்வளவே.

நேற்று விரிகுடாவில் நீந்தும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உதவி கேட்டுக் கையசைத்தேன். நம் தீவுப் பழக்கம் தெரியுமே, படகுகளில் இருந்த எல்லாரும் சிரித்துக்கொண்டே திரும்பக் கையசைத்தார்கள்! படகோட்டி ஆல்ஸ்டன் மட்டும் குதித்து வந்து என்னை இழுத்தான்.

"எப்படிடா தெரிஞ்சுது?"

"குட்மார்னிங் சொல்லாம நீங்க கையாட்டினதே இல்லியே, சார்! வாய்க்குள்ள தண்ணி போயிருச்சுன்னு புரிஞ்சுது."

பயப்படாதே, தைலம் தேய்த்ததும் சரியாகிவிட்டது. வீட்டு மேசை இழுப்பறையில் என் பள்ளிக்கூட விசில் இருக்கும், அனுப்பு. கடலில் ஊதத்தான். சாயங்காலம் படகுகள் போனபின் உன் திசையிலும் ஒரு தடவை ஊதுவேன்.

ஆல்ஸ்டன் படகின் பாயை விரிக்கிறான், ஓடுகிறேன்.

உன் ஹெஸ்கெத்